அறுநூறு விவசாயிகளும் ஒரு பச்சை வட்டமும்

பிரின்சிபால் மேடம் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். கம்ப்யூட்டர் திரையில் இருந்தது மாறவில்லை.

“பாலு சார், இது என்னது?”

“பை சார்ட் மேடம்.”

“பை சார்ட்னா கேக்கு வெட்டின மாதிரி துண்டு துண்டா இருக்கும்னு நெனைச்சேன்?”

“துண்டாத்தான் இருக்கும் மேடம்.”

“இது ஊத்தப்பம் மாதிரி முழுசா இருக்கே.”

இருந்தது. திரை நிறைய ஒரு பச்சை வட்டம். உச்சியில், கடிகாரத்தில் பன்னிரண்டு இருக்கிற இடத்தில், மயிரிழை போல ஒரு நீலக் கோடு. அதுவும் உற்றுப் பார்த்தால்தான். தலைப்பு: ‘மாணவர்களின் தந்தையர் தொழில்’. பச்சை என்றால் விவசாயம். நீலம் என்றால் மற்றவை.

“நம்ம காலேஜ்ல படிக்கிற அறுநூத்துச் சொச்சம் பிள்ளைங்களோட அப்பாவும் விவசாயமா சார்?”

தலைக்கு நேர் மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தும் எனக்கு வியர்த்தது. பயந்தால் எனக்கு முதலில் காதுதான் வியர்க்கும். என் மனைவி மங்கை கல்யாணமான முதல் வாரமே இதைக் கண்டுபிடித்துவிட்டாள். “பொய் சொன்னா உங்களுக்குக் காதுல தண்ணி வருதுங்க” என்றாள். மேடம் முன்னால் அன்றைக்கு இரண்டு காதிலும் வந்தது.

“எனக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவா வராது மேடம். எங்கயோ தப்பா அமுக்கிட்டேன் போல” என்றேன்.

என் உத்தியோக வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களைத் தொகுத்தால் நான் எழுதும் இந்தப் பத்திரிகைத் தொடரைப் போல இரண்டு தொடர் வரும். ஆனாலும் இதுபோல் ஒரு பொய் கிடையாது. ஏனென்றால் நான் எதையும் தப்பாக அமுக்கவில்லை. கம்ப்யூட்டர் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. செய்யாதவன் நான்.

லேமினேஷன் போட்ட புலி

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு கலைக் கல்லூரி. அதில் நான் ஹெட் கிளார்க். வருஷம் ஞாபகமில்லை. கலர் செல்போன் வாங்கியவர்கள் அதைச் சட்டைப்பையில் பாதி வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு திரிந்த காலம். தினமும் இரண்டு மணி நேரம் கரண்ட் போகும் என்று பேப்பரில் போட்டுவிட்டு நான்கு மணி நேரம் போன காலம்.

கல்லூரியின் தரத்தைப் பார்க்க வெளியூரிலிருந்து ஒரு குழு வருவதாகக் கடிதம் வந்தது. மேடம் அந்த வருஷம்தான் பொறுப்புக்கு வந்திருந்தார். எங்களையெல்லாம் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்:

“நம்ம பிள்ளைங்க யாரு, எந்த ஊர்லேருந்து வர்றாங்க, வீட்ல என்ன நெலமை, எல்லாம் செவத்துல படமா தெரியணும். நம்பர் நம்பரா அடுக்கினா வர்றவங்க கொட்டாவி விடுவாங்க. பார்த்தா ஒரு கதை தெரியணும். யார் செய்றீங்க?”

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நானும் பார்த்திருக்கலாம். தரை நல்ல மொசைக் தரை, பார்க்கத் தகுந்ததுதான். ஆனால் என் மேசைக்குப் பின்னால் ஒரு சான்றிதழ் தொங்கிக்கொண்டிருந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆறு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போய் வாங்கிய கம்ப்யூட்டர் சான்றிதழ். அதை லேமினேஷன் செய்து, வருகிறவர் போகிறவர் கண்ணில் படுகிற உயரத்தில் மாட்டியிருந்தேன். மேடம் கண்ணிலும் பட்டிருக்கிறது.

“பாலு சார், நீங்கதான் இதுல புலியாமே?”

“ஏதோ கொஞ்சம் மேடம்” என்று புலி வாலை ஆட்டியது.

அதனால்தான், இரண்டு வாரம் கழித்து “எனக்குக் கம்ப்யூட்டர் வராது” என்று அதே புலி சொன்னபோது மேடம் என்னை அப்படிப் பார்த்தார்.

“சரி, கம்ப்யூட்டர் சயின்ஸ் லெக்சரர யாரயாவது கூப்பிடறேன். அவுங்க வந்து ரிஜிஸ்டர வெச்சு சரிபார்க்கட்டும்.”

ரிஜிஸ்டரை வைத்து! கடவுளே என்று நான் நினைப்பதற்குள் கரண்ட் போனது. பச்சை வட்டம் ‘டுப்’ என்று சுருங்கிப் புள்ளியாகி மறைந்தது. மின்வாரியத்தை ஊரே திட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், மனசார வாழ்த்திய ஒரே பிரஜை நான்தான்.

ஜூன் மாதத்துப் பேனா

ரிஜிஸ்டரில் என்ன கோளாறு என்று இப்போது சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷம் கழித்து என்னை யாரும் சஸ்பெண்ட் செய்ய முடியாது.

ஜூன் மாதம் அட்மிஷன். ஆபீஸ் வராண்டாவில் ஒரு மேசை, நான், ஒரு பேனா. எதிரே வரிசை. காட்டுமன்னார்கோயில், ஸ்ரீமுஷ்ணம், வடலூர், கிள்ளை என்று எல்லாத் திக்கிலிருந்தும் பஸ்ஸில் வந்து நிற்கும் பிள்ளைகள், பக்கத்தில் அப்பா அல்லது அம்மா. விண்ணப்பம் இங்கிலீஷில் இருக்கும். அதனால் நான்தான் கேட்டுக் கேட்டு நிரப்புவேன். பேர், பிறந்த தேதி, சாதிச் சான்றிதழ் எல்லாம் மளமளவென்று போகும். ‘தந்தை தொழில்’ என்ற கட்டம் வந்தால் வண்டி நின்றுவிடும்.

“அப்பா என்னம்மா பண்றாரு?”

பெண் அப்பாவைப் பார்க்கும். அப்பா செருப்பைப் பார்ப்பார். “அது வந்து சார், கெடைக்கிற வேலைதான்…” என்று இழுப்பார். பின்னால் நிற்பவர்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள். எனக்கும் ஒரு மாதிரி இருக்கும்.

முதல் வருஷம் கேட்டேன். இரண்டாம் வருஷம் பாதிப் பேரைக் கேட்டேன். அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டேன். கட்டம் வந்ததும் நானே “விவசாயம்தானே?” என்பேன். அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி. “ஆமாங்க, ஆமாங்க.” எழுதிவிடுவேன். யாருக்கும் சங்கடமில்லை. வரிசையும் சீக்கிரம் நகரும். ஒரு மணிக்குள் முடிந்துவிட்டால், கீழவீதியில் தீர்ந்துபோவதற்குள் எனக்கு இட்லியும் கத்தரிக்காய் கொத்சுவும் கிடைக்கும்.

அவர்களுடைய மானத்துக்காகச் செய்தேனா, கொத்சுவுக்காகச் செய்தேனா என்று கேட்டால், உண்மையைச் சொல்கிறேன். அறுபது நாற்பது. அறுபது கொத்சு.

அந்த நீலக் கோடு யார் என்றால், “ஹெட் கான்ஸ்டபிள்னு எழுதுய்யா” என்று என்னை அதட்டியவர்கள்.

இப்படிப் பதினோரு வருஷம். ஒவ்வொரு வருஷமும் ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவனும் நானேதான். குழு வந்து ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு “உங்க அப்பா என்ன செய்றார்?” என்று கேட்டால் முடிந்தது கதை. பொய் ஆவணம் தயாரித்த ஹெட் கிளார்க். வேலை போகும். வேலை போனால், லேமினேஷன் செய்த அந்தச் சான்றிதழை விசிறிக்கொள்ளத்தான் பயன்படுத்த வேண்டும்.

மச்சான் குமாரின் யோசனை

பயம் வந்தால் நான் பஸ் ஏறிக் கடலூருக்குப் போய்விடுவேன். அங்கே திருப்பாப்புலியூரில் என் மனைவியின் தம்பி குமார் பிளெக்ஸ் பேனர் கடை வைத்திருந்தான். கல்யாணம், காதுகுத்து, கட்சி மாநாடு, கண்ணீர் அஞ்சலி என்று எதற்கும் பேனர். பிறந்தவர்களும் இறந்தவர்களும் அவன் கடைச் சுவரில் ஒரே மாதிரி கும்பிட்டுக்கொண்டு நிற்பார்கள்.

விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

“மாமா, இதுக்கா பஸ் ஏறி வந்த? இந்தா, ஒரு நூறு பேரை டிரைவர் ஆக்கு. அம்பது வாத்தியாரு. ஒரு பத்து டாக்டர் போட்டுக்க, கலரு எடுப்பா இருக்கும். ரோஸ் கலர்ல போடறேன்.”

“டேய், அது பொய்யில்ல?”

“இப்ப இருக்கறது மட்டும் இன்னாவாம்? பேனர்ல எவன் மாமா உண்மையப் போடறான்? போன வாரம் ஒருத்தன் வந்தான். தாத்தா செத்துட்டாரு, போட்டோ இல்லன்னான். வேற தாத்தாவ வெச்சு அடிச்சுக் குடுத்தேன். சொந்தக்காரனுங்க எல்லாம் அழுவுறானுங்க.”

நான் பத்தினிப் பயல் என்று நினைக்காதீர்கள். அங்கேயே உட்கார்ந்து, கையோடு கொண்டுபோயிருந்த பேர்ப் பட்டியலைப் பார்த்து, அவன் பில் புக்கின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். வரிசை எண் ஒன்று, டிரைவர். இரண்டு, மளிகைக் கடை. மூன்று, டாக்டர். மூன்றாம் எண்ணின் பேரைப் பார்த்தேன். அந்தப் பையனை எனக்குத் தெரியும். அவன் அப்பாவையும் தெரியும். எங்கள் கல்லூரி வாசலிலேயே பங்க்சர் ஒட்டுகிறவர். போன வாரம்தான் என் வண்டிக்கு ஒட்டினார். அவர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பை மாட்ட எனக்குக் கை வரவில்லை.

“இன்னா மாமா, நின்னுட்ட?”

“வேணாண்டா. போய்க் கேட்டே எழுதறேன்.”

“அறுநூறு பேரையா?”

“ம்.”

“காது வேர்க்குது மாமா உனக்கு. தொடச்சிக்க.”

உண்மையா எழுதிக் குடுங்க

மறுநாள் வகுப்பு வகுப்பாகப் போனேன். முதலில் இரண்டாம் ஆண்டு பி.காம். கரும்பலகை முன் நின்று, குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டு, “புள்ளிவிவரம் எடுக்கணும். எல்லாரும் அப்பா செய்ற தொழிலை உண்மையா எழுதிக் குடுங்க” என்றேன்.

ஐந்து நிமிஷத்தில் காகிதங்கள் வந்தன. விவசாயம். விவசாயம். விவசாயம்.

“டேய், உண்மையாவா?”

முன் பெஞ்சில் ஒரு பையன் எழுந்தான். “சார், அட்மிஷன்ல நீங்கதான் அப்படி எழுதினீங்க. நாங்க பஸ் பாஸு, லைப்ரரி கார்டு, ஹாஸ்டல் எல்லாத்துக்கும் அதையேதான் எழுதிட்டு வர்றோம். இப்ப மாத்தி எழுதினா ரெண்டும் வேற வேறயா இருக்குன்னு நீங்களே எங்களக் கூப்பிட்டு வெச்சு திட்டுவீங்க.”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். நான் வைத்த ஒரு விவசாயம், விதைநெல் மாதிரி முளைத்து, எல்லா ஃபாரத்திலும் விளைந்து நிற்கிறது. உலகத்தில் என் ஒருவனால்தான் பேனாவாலேயே இவ்வளவு சாகுபடி செய்ய முடிந்தது.

மூன்று வகுப்பு போனேன். மூன்றிலும் பச்சை. வகுப்பில் பக்கத்துப் பையன் எட்டிப் பார்க்கும்போது எவன் எழுதுவான், என் அப்பா இறால் தலை கிள்ளுகிறார் என்று?

கேள்வியில்தான் கோளாறு என்பது, ஆபீசில் உட்கார்ந்து டீயை ஆறவைத்துக் குடிக்கும்போதுதான் உறைத்தது. ‘தொழில்’ என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரு கௌரவமான சொல் தேவைப்படுகிறது. எனக்கும் அப்படித்தான். நிர்வாகப் பணி என்றுதானே நான் சொல்லிக்கொள்கிறேன்?

கெளம்பும்போது வீட்ல

மறுபடி போனேன். இந்தமுறை கையடக்கமாக வெட்டிய துண்டுச் சீட்டு. ஒரே கேள்வி. “இன்னைக்குக் காலைல நீ வீட்டை விட்டுக் கெளம்பும்போது மணி என்ன? அம்மா, அப்பா அந்த நேரத்துல எங்க இருந்தாங்க, என்ன செஞ்சிட்டிருந்தாங்க, போயிருந்தா எத்தனை மணிக்குப் போனாங்க? பேரு வேணாம், ரோல் நம்பர் மட்டும். மடிச்சு இந்த பிஸ்கட் டின்ல போடு. வகுப்புல எவனும் படிக்க மாட்டான்.”

“எதுக்கு சார்?” என்று ஒரு பெண் கேட்டது.

“பதினோரு வருஷமா நான் கேக்கல. இப்பக் கேக்கறேன்” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. டயலாக் நன்றாக இருந்தது. அடுத்த வகுப்பிலும் சொன்னேன்.

சாயங்காலம் டின்னை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கூடத்தில் கொட்டினேன். மங்கை பிளவுஸ் தைப்பவள். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே ஒரு சீட்டை எடுத்தாள். அப்புறம் ஊசியைத் தலையணையில் குத்திவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

‘5.40. அம்மா நாலு மணி வேன்லயே இறால் கம்பெனி போயிட்டாங்க. அப்பா லாஞ்சுல மீன் புடிக்கப் போயி மூணு நாளாச்சு.’

‘7 மணி. அப்பா ரைஸ்மில்லுல நெல் அவிச்சிட்டு வந்து தூங்கினார். கால் மட்டும் போர்வைக்கு வெளிய இருந்துச்சு.’

‘6.15. அம்மா அஞ்சரைக்கே முந்திரிக்கொட்டை உடைக்கப் போயிட்டாங்க. அப்பா இல்லை.’

‘8.10. அப்பா கோயிலுக்கு நாலரைக்கே சைக்கிள்ல போயிட்டார். நான் கெளம்பும்போது முதல் காலப் பூஜை முடிச்சுட்டு வந்து பேப்பர் படிச்சிட்டிருந்தார்.’

‘6.30. அப்பா சர்ச்சுல மணி அடிச்சிட்டு வந்து டீ போட்டுக் குடுத்தார். சர்க்கரை ஜாஸ்தி.’

‘9.05. அப்பா தூங்கிட்டிருந்தார். என்ன வேலைன்னு கேக்காதீங்க சார்.’

‘5.50. நான்தான் கடைசி. ரெண்டு பேரும் அஞ்சு மணிக்கே நடவுக்குப் போயாச்சு. வீட்டைப் பூட்டி சாவியப் பக்கத்து வீட்ல குடுத்துட்டு வந்தேன்.’

“நடவுன்னா விவசாயந்தானே?” என்றேன் ஆசையாக. ஒன்றாவது தேறாதா என்று.

“யாரு வயல்லன்னு கேட்டீங்களா?” என்றாள் மங்கை.

அந்தச் சீட்டைத் தனியே எடுத்து வைத்தேன்.

நான் இதைத் தொழில்வாரியாகப் பிரித்துக் குவியல் போட ஆரம்பித்தேன். நாற்பது குவியல் ஆனது. பை சார்ட் போட்டால் ஊத்தப்பம் கொத்துப் பரோட்டா ஆகிவிடும். மங்கைதான் கையைத் தட்டிவிட்டாள். “ஏங்க, எல்லாத்துலயும் மணி எழுதியிருக்கில்ல. அப்படியே அடுக்குங்க.” ஒரு பழைய நூல் புடவையைக் கூடம் முழுக்க விரித்தாள். தையல் சாக்கட்டியால் ஒரு முனையில் நாலு என்று எழுதினாள். ஐந்து, ஆறு, ஏழு என்று இடம் விட்டு எழுதிக்கொண்டே போய் மறுமுனையில் ஒன்பதரை. அதுதான் எங்கள் முதல் மணி.

சீட்டுகளை, அந்த வீட்டில் முதலில் வேலைக்குப் போனவரின் நேரத்தில் வைத்துக்கொண்டே வந்தோம். அது அம்மா என்றால் மேலே, அப்பா என்றால் கீழே. முடித்துவிட்டு எழுந்து பார்த்தேன். நாலு மணி முனையிலேயே சீட்டு குவிந்து கிடக்கிறது. மேலே ஜாஸ்தி, கீழே கம்மி. ஆறு மணிக்கு மேலே பாதி வீடு காலி. பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் பஸ்ஸைப் பிடிக்கிறார்கள். ஒன்பதரைக்குக் காலேஜ் மணி அடிக்கும்போது எங்கள் ஜில்லாவே பாதி வேலை முடித்திருக்கிறது.

மேடம் கேட்ட கதை அந்தப் புடவையில் கிடந்தது. ஆனால் அதைச் சுவரில் மாட்டினால், பக்கத்தில் ரிஜிஸ்டரும் இருக்கும். அதில் அறுநூறு பேரும் விவசாயம்.

“சொல்லிடுங்க” என்றாள் மங்கை.

“வேலை போயிடும்டி.”

“அப்ப மெதுவா சொல்லுங்க.”

மெதுவாகச் சொன்னது

மேடம் அறையில் புடவையை விரித்தேன். சீட்டெல்லாம் குண்டூசி குத்தியிருந்தது. மேடம் ஒவ்வொன்றாகக் குனிந்து படித்தார். “இதத்தான் சார் நான் கேட்டேன்” என்றார் கடைசியில். அந்த ஒரு நிமிஷம் மட்டும் நான் மறுபடி புலியாக இருந்தேன்.

“ஆனா மேடம், ஒரு சின்ன விஷயம்.”

எல்லாவற்றையும் சொன்னேன். கொத்சு உட்பட.

“பதினோரு வருஷமா?”

“பதினோரு வருஷம் மேடம்.”

“அன்னைக்குக் கம்ப்யூட்டர் வராதுன்னீங்களே?”

“அது நல்லா வரும் மேடம்.”

மேடம் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காதபோது அந்த அறையில் மின்விசிறி கூட அடக்கமாகச் சுற்றும்.

“நான் ரெண்டு தடவை அந்த லெக்சரரக் கூப்பிட்டு அந்த மிஷினைக் கழட்டிப் பார்க்கச் சொன்னேன். பாவம், அதுல ஒண்ணுமில்ல.” பேனாவை எடுத்தார். “படிக்கிற பிள்ளைங்க ரிஜிஸ்டர் எல்லாம் எடுங்க. ரோல் நம்பர் பார்த்து ஒவ்வொரு வரியையும் அடிச்சுத் திருத்துங்க. பக்கத்துல, ‘என் பிழை’ன்னு எழுதிக் கையெழுத்து போடுங்க. ஒவ்வொரு வரியிலயும். ஒரு வரி சந்தேகமா இருந்தாக்கூட உங்க ஃபைல் நிர்வாகத்துக்குப் போகும். இல்லன்னா என் டிராயர்லயே இருக்கும்.”

சீட்டில் தொழில் தெரியாதவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டு எழுதினேன். என் பிழை, பா. என் பிழை, பா. பள்ளிக்கூடத்தில் கூட நான் இவ்வளவு இம்போசிஷன் எழுதியதில்லை.

கும்பிட்ட கை

படத்தை அச்சடிக்க மச்சானிடம் கொடுத்தது என் அடுத்த தவறு. படத்தை அற்புதமாகச் செய்திருந்தான். இருட்டு நீலத்தில் தொடங்கி வெளிச்ச மஞ்சளில் முடிகிற பன்னிரண்டு அடி விடியற்காலை, அதில் அறுநூறு சின்னப் புள்ளிகள். ஆனால் குழு வருகிற அன்று காலையில்தான் சுருளைப் பிரித்தோம். வலது ஓரத்தில் இரண்டு ரோஜா, ஒரு புறா. அதற்கு நடுவே கும்பிட்ட கையோடு நான். கல்யாண போட்டோவிலிருந்து வெட்டியெடுத்த நான், மாலையோடு. கீழே, ‘அனைவரையும் அன்புடன் வரவேற்கும் பாலு’.

போனைப் போட்டேன். “ஏண்டா இப்படிப் பண்ண?”

“ஓரம் காலியா இருந்துச்சி மாமா. காலியா விட்டா என் கடைக்கு அசிங்கம்.”

மாற்ற நேரமில்லை. குழுவில் மூன்று பேர். பெரியவர் படத்தை விட்டுவிட்டு நேராக ஓரத்துக்குப் போனார். “இவர்தான் நிறுவனரா?”

“எங்க ஹெட் கிளார்க் சார்” என்றார் மேடம், கல் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

“இன்னைக்கு அவருக்குப் பிறந்த நாளா?”

குழுவில் இருந்த அம்மாள் மட்டும் நாலு மணி முனையிலிருந்து நகரவே இல்லை. ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் ரிஜிஸ்டரைக் கேட்டார். கொடுத்தேன்.

“என்னங்க இது, பக்கத்துக்குப் பக்கம் என் பிழை, என் பிழைன்னு இருக்கு? பாவமன்னிப்பு கேக்கற மாதிரி?”

“கேட்டு எழுதாம எழுதிட்டேம்மா. இப்பக் கேட்டு எழுதியிருக்கேன்.”

அவர் இன்னும் நாலு பக்கம் புரட்டினார். “எங்க ஊர்ல இதைக் கேட்டே எழுதினதில்ல. திருத்தவும் இல்ல” என்று மூடிக் கொடுத்துவிட்டார்.

குழு என்ன தரம் கொடுத்தது என்று நிறையப் பேர் கேட்பார்கள். நல்ல தரம்தான். ஆனால் என் தரத்தை முடிவு செய்கிறவர் மேடம். அவர் மறுநாள் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார்.

மிச்சமிருந்த ஒரு வரி

திருத்திய பிறகும் ரிஜிஸ்டரில் விவசாயம் என்று முப்பது முப்பத்தைந்து வரி இருந்தது. அதெல்லாம் நிஜ விவசாயம். மேடம் ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்பில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

“இது உங்க பழைய விவசாயமா, நெஜ விவசாயமான்னு எனக்கு எப்படித் தெரியும்? சிட்டா நகல் வாங்குங்க.”

நியாயம்தான். ஊரெல்லாம் கள்ளப் பத்து ரூபாய் கொடுத்தவன் நல்ல பத்து ரூபாய் நீட்டினாலும் வெளிச்சத்தில் பிடித்துத்தானே பார்ப்பார்கள்? நிலத்துச் சிட்டா ஒவ்வொன்றாக வந்தது. கேள்விக்குறி ஒவ்வொன்றாக அழிந்தது. வெள்ளிக்கிழமை கெடு. வெள்ளிக்கிழமை மதியம் ஒரே ஒரு கேள்விக்குறி மிச்சம். காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த ரேவதி. பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு.

“சிட்டா எங்கம்மா?”

“இல்ல சார்.”

“அப்ப கூலியா? எழுதிடவா? அதுல ஒண்ணும் தப்பில்லம்மா.”

அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது. “எல்லாருக்கும் இல்லாத விவசாயத்த எழுதினீங்க. நெஜமா விவசாயம்னா நம்ப மாட்டேங்கறீங்க. எங்கப்பாவ வரச் சொல்லியிருக்கேன், அவுருகிட்டயே கேளுங்க.”

மூன்று மணிக்கு வந்தார். ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டை மட்டும் புதிது, பின் குத்தின மடிப்புக் கூடக் கலையவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்றார். நான் எழுந்து போய் உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டேன். மேடமும் சத்தம் கேட்டு வந்து கதவருகில் நின்றார்.

“சிட்டா இல்லைன்னு பாப்பா சொல்லுச்சுங்களே?” என்றேன்.

“இருக்கு சார். எங்கப்பா பேர்ல இருக்கு. அவுரு செத்துப் பதினாறு வருஷம் ஆவுது. பேரு மாத்தல. அவுருதான் உழுவுறாருன்னு எழுதிக்குவீங்களா?”

மேடம் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஆனால் பின்னாலிருந்து, முதல் தடவையாக, ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது.

“பாலு சார், அவர் சொல்றத அப்படியே எழுதுங்க” என்றார் மேடம்.

பேனாவைத் திறந்தேன். “சொல்லுங்க.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். “ரெண்டு காணி சொந்தம். ஒரு காணி குத்தகை. ஏரித் தண்ணி வந்தா ரெண்டு போகம் நெல்லு. வராட்டி ஒரு போகம், அதுவும் பாதி. அந்த வருஷம் நானும் அவ அம்மாவும் அடுத்தவங்க வயலுக்குப் போவோம்.”

ஓர் அங்குலக் கட்டம். எழுத்து கட்டத்தைத் தாண்டி, பக்கத்துக் கட்டத்தைத் தாண்டி, ‘குறிப்பு’ என்ற கட்டத்தையும் நிரப்பி, ஓரத்தில் வளைந்து மேலே ஏறியது. மேடம் எட்டிப் பார்த்துவிட்டு அந்தச் சிவப்புக் கேள்விக்குறியைத் தன் கையாலேயே அடித்தார்.

“படிச்சுக் காட்டுங்க சார்” என்றார் அந்த மனிதர்.

படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ரேவதி ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டது. முடித்ததும் அவர் எழுந்து வந்து, நான் எழுதியதை விரலால் தடவி ஓர் இடத்தில் நிறுத்தினார்.

“எல்லாம் சரியா இருக்கு. இந்த ‘வராட்டி’ய மட்டும் கொஞ்சம் கொட்டையா எழுதிடுங்க. அதுதான் ஜாஸ்தி நடக்குது.”

எழுதினேன்.